நெஞ்சுப் படம்

எங்கள் வீட்டு றங்குப்பெட்டியின் அடியில் ஒரு பொலித்தீன் பை இருக்கிறது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், பழைய நிவாரண அட்டை, அம்மாவின் அடையாள அட்டை ஆகியவற்றோடு மூன்று எக்ஸ்றே படங்களும் அதற்குள் இருக்கின்றன. மூன்றும் என்னுடைய நெஞ்சுதான். முதலாவது 2000 ஆம் ஆண்டு மே மாதம் எடுத்தது. மற்ற இரண்டும் அதே ஆண்டு ஜூலையில் எடுத்தவை. முதலாவதைப் பார்த்தவர்கள் என்னைச் சாகப்போகிறவள் என்றார்கள். மற்ற இரண்டையும் பார்த்தபின் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அந்த இரண்டு மாத இடைவெளியில் நானும் அம்மாவும் பட்ட பாட்டையும், பிறகு ஓர் எக்ஸ்றே அறையில் வேலை செய்தபோது நான் அறிந்துகொண்டவற்றையும் சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்ளலாம் என்றே இதை எழுதுகிறேன்.

நான் வைத்தியரும் அல்ல, தாதியும் அல்ல. படத்தைப் பார்த்து நோய் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் எங்கள் பெண்களில் எத்தனையோ பேர் தங்கள் நெஞ்சுப் படத்தை உறையோடு கையில் வைத்துக்கொண்டு, அதில் என்ன இருக்கிறதென்று தெரியாமலே வருடக்கணக்காகப் பயந்துகொண்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். அப்படிப் பயந்தவர்களில் நானும் ஒருத்தி.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது நாங்களும் வெளிக்கிட்டோம். நாவற்குழிப் பாலத்தைக் கடக்க மட்டும் பல மணித்தியாலம் எடுத்தது. மீசாலையில் மாமியின் வளவில் ஒரு கொட்டில் போட்டு இருந்தோம். அடுத்த வருடம் பலர் ஊருக்குத் திரும்பினார்கள். எங்கள் வீடு தரைமட்டமாகிவிட்டதால் நாங்கள் அங்கேயே தங்கிவிட்டோம். 2000 மே மாதத்தில் சண்டை தென்மராட்சிக்கு வந்தது. அன்று காலை நான் கிணற்றடியில் நின்றேன். சத்தம் கேட்ட ஞாபகம் இல்லை. முதுகில் யாரோ கல்லால் எறிந்தது போல இருந்தது. கையால் தடவிப் பார்த்தேன், ஈரமாக இருந்தது. தண்ணீர் ஊற்றுப்பட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கட்டில் இல்லை. விறாந்தையில் பாய் விரித்துக் கிடத்தியிருந்தார்கள். இரண்டாம் நாள், உருட்டிக்கொண்டு வரும் எக்ஸ்றே மெசினைக் கொண்டுவந்து, என் முதுகுக்குக் கீழே ஒரு தட்டைச் செருகி, படுத்தபடியே படம் எடுத்தார்கள். மூச்சை இழுக்கச் சொன்னார்கள். நோவில் என்னால் அரைமூச்சுக்கூட இழுக்க முடியவில்லை.

அந்தப் படத்தை யாரோ யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இருதயம் பெருத்திருக்கு, துண்டும் அதுக்குள்ளைதான் கிடக்கு" என்றார். யார் சொன்னதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வைத்தியராக இருக்கலாம். பக்கத்தில் கிடந்த நோயாளியைப் பார்க்க வந்த யாராவதாகவும் இருக்கலாம். அந்த நெருக்கடியில் நின்று கேட்க எங்களுக்கும் நேரமில்லை, சொல்ல அவர்களுக்கும் நேரமில்லை. ஆனால் அம்மாவின் காதில் அது விழுந்துவிட்டது.

காயம் மூன்று கிழமையில் ஆறிவிட்டது. அந்தச் சொல் ஆறவில்லை. வடமராட்சியில் உறவினர் வீடொன்றில் இருந்தோம். அம்மா என்னைத் தண்ணீர் அள்ள விடமாட்டா. பலமாகச் சிரித்தாலும் ஏசுவா. இரவில் நித்திரையென்று நினைத்து என் நெஞ்சில் கையை வைத்துப் பார்ப்பா. நான் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பேன். எனக்கு அப்போது வயது 24. கனடாவிலிருந்து பேசிவந்த சம்பந்தம் ஒன்று இருந்தது. "நெஞ்சுக்குள்ளை துண்டோடை இருக்கிற பிள்ளை எப்பிடிப் பிள்ளை பெறும்" என்று கேட்டு அதுவும் நின்றுபோயிற்று. நின்றதற்காக நான் கவலைப்பட்டேன் என்று சொல்ல மாட்டேன். கேட்ட கேள்விதான் சுட்டது.

ஜூலையில் வேறொரு ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சை வைத்தியர் படத்தைத் திரும்ப எடுத்து வரும்படி துண்டு எழுதித் தந்தார். "நிற்க வைத்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று" என்று எழுதியிருந்தார். அங்கேதான் எக்ஸ்றே ஐயாவைக் கண்டேன். ஓய்வுபெறும் வயதுக்காரர். தட்டில் நெஞ்சை ஒட்டி நிற்கச் சொன்னார். கைகளை இடுப்பில் வைத்து முழங்கைகளை முன்னுக்குத் தள்ளச் சொன்னார். "பிள்ளை, மூச்சை நல்லா இழுத்துப் பிடி, அசையாதை" என்றார். பிறகு பக்கவாட்டாகத் திருப்பி இன்னொன்று.

படங்கள் காய்ந்ததும் பழைய படத்தையும் வாங்கி, மூன்றையும் வெளிச்சப் பெட்டியில் கொழுவினார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றா. ஐயா எங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "வீட்டிலை லாம்பு வெளிச்சத்திலை சுவரிலை மான், முயல் காட்டி விளையாடியிருக்கிறியளோ?" 1990 இலிருந்து மின்சாரமில்லாமல் இருந்த சனத்திடம் கேட்கிற கேள்வியா அது!

"கையைச் சுவருக்குக் கிட்டப் பிடிச்சால் நிழல் கையளவுதான். லாம்புக்குக் கிட்டக் கொண்டுபோனால் நிழல் பூதம்போலை வரும். அவ்வளவுதான் விசயம்" என்றார். இருதயம் நெஞ்சின் முன்பக்கமாக இருக்கிறது. நிற்க வைத்து நெஞ்சைத் தட்டோடு ஒட்டி, ஆறடி தூரத்தில் முதுகுப் பக்கமிருந்து கதிரை விட்டால் இருதயத்தின் நிழல் ஏறத்தாழ உண்மையான அளவில் விழும். படுக்க வைத்துத் தட்டை முதுகுக்குக் கீழே வைத்தால் இருதயம் தட்டிலிருந்து தூரப் போய்விடும், கதிர் வரும் குழாயும் கிட்ட வந்துவிடும். நிழல் பெருக்கும். மூச்சை இழுக்காவிட்டால் பிரிமென்றகடு மேலே எழும்பி நிற்கும், இருதயம் படுத்து இன்னும் அகலமாகத் தெரியும். மே மாதப் படத்தில் பெருத்திருந்த என் இருதயம் ஜூலைப் படத்தில் சாதாரணமாக இருந்தது. மருந்து எதுவும் எடுக்கவில்லை. எழுந்து நின்றேன், மூச்சை இழுத்தேன், அவ்வளவுதான்.

அடுத்தது துண்டு. முன்பக்கப் படத்தில் அது இருதய நிழலுக்கு மேலேயே வெள்ளையாகக் கிடந்தது. ஐயா பழைய படத்தைக் காட்டி, "இதின்ரை விளிம்பைப் பாருங்கோ, பிளேட்டாலை வெட்டினமாதிரி இருக்கு. இருதயம் துடிச்சுக்கொண்டே இருக்கிறது. துண்டு அதுக்குள்ளை இருந்தால் அதுவும் சேர்ந்து துடிக்கும், விளிம்பு கலங்கித்தான் விழும்" என்றார். பிறகு பக்கவாட்டுப் படத்தைக் காட்டினார். இருதயம் முன்னால் நெஞ்செலும்புக்குப் பின்னே இருந்தது. துண்டு எங்கேயோ பின்னால், முள்ளந்தண்டுக்கு அருகே முதுகுத் தசைக்குள் கிடந்தது. முன்னால் நின்று பார்த்தால் வேலியும் அதன் பின்னாலுள்ள பனையும் ஒன்றாகத் தெரியும். ஒழுங்கைப் பக்கமாகப் போய்ப் பார்த்தால்தான் பனை எவ்வளவு தூரத்தில் நிற்கிறதென்று விளங்கும். வைத்தியரும் அதையே சொன்னார். உடம்பு அதைச் சுற்றித் தசைநார் வளர்த்து மூடிவிடும், தோண்டி எடுப்பதால்தான் கேடு வரும், அப்படியே விடலாம் என்றார். அம்மா வரும் வழியில் ஒரு சொல்லும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் என்னிடம் வாளியைத் தந்து தண்ணீர் அள்ளச் சொன்னா.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு வந்தபின், அதே எக்ஸ்றே அறையில் தொண்டர் உதவியாளராகச் சேர்ந்தேன். பெயர் கூப்பிடுவது, கொப்பியில் பதிவது, இருட்டறையில் படத்தைக் கழுவிக் கொழுவுவது என் வேலை. மங்கலான சிவப்பு வெளிச்சத்தில் மருந்துத் தொட்டிக்குள் வெறுந்தாளாகப் போன பிலிமில் விலா எலும்புகள் மெல்ல மெல்ல எழும்பி வருவதைப் பார்ப்பது எனக்கு அலுக்கவேயில்லை.

பெண்களைப் படத்துக்குத் தயார்படுத்துவதும் என் பொறுப்பாகவே இருந்தது. சட்டை ஊசி, சங்கிலி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தடித்த பின்னல் முன்னால் கிடந்தால் அதுவும் சுவாசப்பையின் உச்சியில் நிழலாக விழும், பார்ப்பவர் சயரோகமோ என்று மயங்கக்கூடும். ஆகவே தலைமயிரை உச்சியில் முடிந்துவிடுவேன். தாலிக்கொடிதான் பெரிய பிரச்சினை. அது சரியாக நடு நெஞ்சில் விழும். கணவன் காணாமற்போன பெண்கள் அதைக் கழற்றவே மாட்டார்கள். கழற்றினால் இல்லையென்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற பயம். ஐயா அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். கழற்ற வேண்டாம், தூக்கி வாயில் கவ்விக்கொள்ளுங்கோ என்பார். அதிகாரம் பண்ணாமல் அவர் அதைச் சொன்ன விதத்தால்தான் பல பெண்கள் அந்த அறைக்குள் வந்தார்கள் என்று நினைக்கிறேன்.

நேரமிருக்கும் மத்தியானங்களில் ஐயா எனக்குப் படம் பார்க்கப் பழக்கினார். முதலில் எழுத்தைப் பார் என்பார். படத்தின் ஓரத்தில் 'எல்' என்று ஈய எழுத்து விழுந்திருக்கும். அதுதான் நோயாளியின் இடப்பக்கம். நோயாளி எங்களைப் பார்த்து நிற்பதுபோலப் படத்தைக் கொழுவுவதால் அவருடைய இடது எங்களுக்கு வலக்கைப் பக்கம் வரும். மிக அருமையாகச் சிலருக்கு இருதயமே வலப்பக்கம் இருக்கும். எழுத்தைப் பார்க்காதவர் அந்தப் படத்தைப் புரட்டிக் கொழுவிவிட்டு எல்லாம் சரியென்று சொல்லிவிடுவார்.

அடுத்து ஆள் நேரே நின்றாரா என்று பார்க்க வேண்டும். இரண்டு காறையெலும்புகளின் உள்முனைகளும் முள்ளந்தண்டிலிருந்து சம தூரத்தில் இருந்தால் நேரே நின்றிருக்கிறார். திரும்பி நின்றிருந்தால் நடுவிலுள்ளவை எல்லாம் ஒரு பக்கம் சரிந்தமாதிரித் தெரியும்.

இரண்டு சுவாசப்பைகளுக்கும் நடுவேயுள்ள இடத்தை வைத்தியர்கள் மீடியஸ்ரைனம் என்பார்கள். இருதயம், பெரிய குருதிக்குழாய்கள், மூச்சுக்குழாய், சாப்பாட்டுக்குழாய், நெறிக்கட்டிகள் எல்லாம் அங்கேதான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. இடம்பெயர்ந்து வந்தவர்கள் ஒரே அறைக்குள் இருந்தமாதிரி. ஒன்று பெருத்தால் மற்றது நகரத்தான் வேண்டும். மூச்சுக்குழாய் கறுப்புக் கோடாக நடுவே இறங்கும். அது ஒரு பக்கம் தள்ளப்பட்டிருந்தால் எது தள்ளியது என்று பார்க்க வேண்டும். கழுத்துக் கழலை நெஞ்சுக்குள் இறங்கியிருக்கலாம், ஒரு பக்கத்தில் நீர் கோத்திருக்கலாம். சில வேளை தள்ளப்படாமல் இழுபட்டிருக்கும். பழைய சயரோகத் தழும்பு சுருங்கித் தன் பக்கம் இழுத்துவிடும்.

இருதய நிழலில் மூன்றில் ஒரு பங்கு வலப்பக்கமும் இரண்டு பங்கு இடப்பக்கமும் இருக்கும். வல ஓரத்தின் கீழ்ப்பகுதி வலது சோணையறை. இட ஓரத்தில் மேலிருந்து கீழே வந்தால் முதலில் பெருநாடி ஒரு மொழிபோல வெளித்தள்ளி நிற்கும். அதற்குக் கீழே சுவாசப்பைக்குப் போகும் நாடி, பிறகு ஒரு சிறு பள்ளம், பிறகு இடது இதயவறையின் வளைவு. பள்ளிக்கூடத்தில் படித்த சோணையறையும் இதயவறையும் எனக்கு அப்போதுதான் உயிரோடு தெரிந்தன.

அளவு பார்க்க ஐயா ஓர் ஈர்க்கு வைத்திருந்தார். இருதய நிழலின் மிக அகன்ற இடத்தை ஈர்க்கால் அளந்து முறிப்பார். அந்த ஈர்க்கு நெஞ்சுக்கூட்டின் உள்ளகலத்துக்குள் இரண்டு தரம் அடங்கினால் வளர்ந்தவர்களுக்கு அளவு சரி. அடங்காவிட்டால் பெருத்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் நின்று எடுத்த, மூச்சு இழுத்துப் பிடித்து எடுத்த படத்துக்கு மட்டுமே இந்தக் கணக்குச் செல்லும். கைக்குழந்தைகளுக்கும் செல்லாது. அவர்களுக்கு இருதயம் பாதிக்கு மேலேயே இருக்கும். அதன் மேலே தைமசுச் சுரப்பி வள்ளத்துப் பாய்போல ஒரு பக்கம் விரிந்து நிற்கும். அதைக் கண்டு அழுத தாய்மாரைக் கண்டிருக்கிறேன். பிள்ளை வளர வளர அது சுருங்கிவிடும்.

இந்தக் கதிரை 1895 நவம்பர் 8 ஆம் திகதி ஜேர்மனியில் றொன்ட்ஜன் என்பவர் கண்டுபிடித்தார். அவர் எடுத்த பெயர்பெற்ற முதற்படம் அவருடைய மனைவியின் கை. மோதிரமும் எலும்பும் தெரியும் அந்தப் படத்தைப் பார்த்து அந்த அம்மா பயந்துவிட்டா என்று சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது மேரி கியூரியின் கதை. முதலாம் உலகப் போர் தொடங்கியதும் அவர் மோட்டார் வண்டிகளில் எக்ஸ்றே மெசினைப் பூட்டி, போர்முனை ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோனார். கூட நின்றவர் மகள் ஐரீன், வயது 17, 18 தான். துண்டு எங்கே கிடக்கிறதென்று தெரியாமல் வெட்டித் தேடுவதை நிறுத்துவதே அவர்களுடைய நோக்கம். 150 பெண்களைப் பயிற்றிவிட்டார். இருட்டறையில் தனியே நிற்கும்போது அந்த 150 பெண்களை நான் நினைத்துக்கொள்வேன். எங்கள் ஊரிலும் ஒருவர் இருந்தார். 1847 இல் வந்திறங்கி மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க வைத்தியர் கிறீன், உடற்கூற்றை அங்காதிபாதம் என்று தமிழிலேயே எழுதி, தமிழிலேயே எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். 1884 இல் காலமானார். உயிருள்ள ஒருவரின் இருதய நிழலை அவர் கண்டதில்லை. அதைக் கண்ட எங்களுக்கோ அதைத் தமிழில் சொல்லித்தர ஆளில்லை.

இனிப் பின்வளவு அக்காவின் கதை. வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் இடம்பெயர்ந்த குடும்பம். நலன்புரி நிலையத்தில் வளர்ந்தவ. 2006 இல் கடைக்குப் போன கணவன் திரும்பி வரவில்லை. சின்னப்பிள்ளை ஒன்று. அந்த வருட ஓகஸ்டில் ஏ9 வீதியும் மூடப்பட்டு, அரிசிக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற காலம். அக்காவுக்கு நெஞ்சு படபடப்பு, மூச்சு முட்டல். கிணற்றடியிலிருந்து வீட்டுக்கு வர இரண்டு தரம் இருந்து எழும்புவா. எல்லாரும், "யோசினை பிள்ளை, யோசினைதான்" என்றார்கள். நானும் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஓரிடத்தில் காட்டியபோது நித்திரைக் குளிசை கொடுத்தார்கள்.

ஒருநாள் இரவு அக்கா சுவரில் சாய்ந்து குந்தியிருந்து நித்திரை கொள்வதைக் கண்டேன். ஏன் படுக்கவில்லை என்று கேட்டேன். படுத்தால் மூச்சு அடைக்குது என்றா. பிள்ளை வயிற்றில் 7 மாதமாக இருந்தபோதும் இப்படித்தான் இருந்ததாம். யோசினைக்கு நித்திரை வராது என்பது எனக்குத் தெரியும். படுத்தால் அடைத்து, எழும்பி இருந்தால் சுகம் என்பது வேறு விசயம். அடுத்த நாளே கூட்டிக்கொண்டு போனேன். தாலிக்கொடியை வாயில் கவ்விக்கொண்டு நின்றா.

படம் வந்ததும் நான் ஈர்க்கை வைத்துப் பார்த்தேன். இரண்டு தரம் அடங்கியது. சரி, ஒன்றுமில்லை என்று மனதுக்குள் நிம்மதி. ஐயா என் கையிலிருந்து ஈர்க்கை வாங்கி மேசையில் வைத்தார். "அளவைப் பார்த்திட்டாய். வடிவத்தைப் பார்" என்றார்.

இட ஓரத்தில் இருக்க வேண்டிய அந்தச் சிறு பள்ளம் இல்லை. ஓரம் அடிமட்டம் வைத்துக் கீறினமாதிரி நேராக இருந்தது. வல ஓரத்துக்குள்ளே இன்னொரு வளைவு, நிழலுக்குள் நிழலாகத் தெரிந்தது. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் கவர் சாதாரணமாக இருப்பதைவிட விரிந்திருந்தது. சுவாசப்பையின் மேற்பகுதிக் குருதிக்குழாய்கள் தடித்திருந்தன. இவை நான்கும் ஒன்றையே சொல்கின்றன, இடது சோணையறை வீங்கியிருக்கிறது. அது இருதயத்தின் பின்பக்க அறை. அது பெருத்தாலும் முன்னாலிருந்து பார்க்கையில் மொத்த அகலம் கூடாமல் இருக்கலாம். ஐயா எதையும் அக்காவுக்குச் சொல்லவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு தானே வைத்தியரிடம் போனார். வைத்தியர் அக்காவை இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து நெடுநேரம் நெஞ்சைக் கேட்டார். பிறகு, "சின்ன வயசிலை மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் வந்ததோ?" என்று கேட்டார்.

வந்திருக்கிறது. நலன்புரி நிலையத்தில் இருந்தபோது, 11 வயதில். முதலில் தொண்டைநோ. பிறகு முழங்கால், கணுக்கால், முழங்கை என்று ஒன்று மாறி ஒன்று வீங்கியது. வளருகிற பிள்ளைக்கு வரும் உளைவு என்று அம்மம்மா எண்ணெய் பூசினா. மாறிவிட்டது. ரூமாற்றிக் காய்ச்சல் என்பது இதுதான். ஒருவகைக் கிருமியால் வரும் தொண்டைநோவுக்குப் பின், அந்தக் கிருமியோடு சண்டை பிடிக்கும் உடம்பு தன் மூட்டுகளையும் இருதயத்தையும் சேர்த்தே தாக்குகிறது. மூட்டு ஆறிவிடும். இருதய வால்வு தழும்பு பிடித்து வருடக்கணக்கில் சுருங்கி மீன்வாய்போல ஆகிவிடும். சனம் நெருக்கமாக அடைபட்டு இருக்கும் இடங்களில் அந்தக் கிருமி இலகுவாகப் பரவுகிறது. அப்போதே கண்டுபிடித்திருந்தால் மூன்று நான்கு கிழமைக்கு ஒரு பென்சிலின் ஊசி வருடக்கணக்காகப் போட்டு வால்வைக் காப்பாற்றியிருக்கலாம். கொட்டில்களிலும் முகாம்களிலும் பிள்ளை வளர்த்த தாய்மாரே, உங்கள் பிள்ளைகளில் யாருக்காவது இப்படி மூட்டு மாறி மூட்டு வீங்கியிருந்தால், இப்போது அவர்கள் பெரியவர்களாக இருந்தாலும், ஒருதரம் வைத்தியரிடம் சொல்லுங்கள். கர்ப்பம் தரிக்க முன்பே சொல்வது இன்னும் நல்லது. கர்ப்பகாலத்தில் குருதியின் அளவு கூடுவதால் சுருங்கிய வால்வு தாங்காது.

எக்கோ பரிசோதனையில் வால்வு சுருங்கியிருப்பது உறுதியாயிற்று. கொழும்புக்குப் போக வேண்டும் என்றார்கள். அது 2007. பாதை இல்லை. பாதுகாப்பு அனுமதிக்கு விண்ணப்பித்து, கப்பலுக்குப் பதிந்து, திருகோணமலை போய், அங்கிருந்து பேருந்தில் போக வேண்டும். கணவனைப் பற்றிய கேள்விக்கு என்ன எழுதுவதென்று அக்கா படிவத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தா. பிள்ளையை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனா. கொழும்பில் நெஞ்சைத் திறக்கவில்லை. தொடை நாளத்தினூடாக ஒரு மெல்லிய குழாயை இருதயம்வரை கொண்டுபோய், சுருங்கிய வால்வுக்குள் ஒரு பலூனை ஊதி விரித்தார்கள். ஏழு கிழமை கழித்துத் திரும்பி வந்தா. வந்த அன்று மாலை கிணற்றடியிலிருந்து குடத்தோடு வந்தா. நடுவில் இருக்கவில்லை. அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா.

இதை வாசித்துவிட்டு நெஞ்சு அடைக்கும் எல்லாருக்கும் வால்வு நோய் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அறைக்கு வந்த பெண்களில் பெரும்பாலானவர்களின் படம் சரியாகவே இருந்தது. மகனைத் தேடிக்கொண்டிருந்த ஓர் அம்மா ஒரே வருடத்தில் மூன்று தரம் வந்தா. ஒவ்வொரு தரமும் "ஒன்றுமில்லை" என்று எழுதி அனுப்பினார்கள். மூன்றாம் தரம் அவ என்னைப் பார்த்து, "பிள்ளை, ஒண்டுமில்லாமலே இப்பிடி நோகும்?" என்று கேட்டா. ஒன்றுமில்லை என்ற சொல்லை அன்றிலிருந்து நான் பாவிப்பதில்லை. படத்தில் தெரியவில்லை என்று சொல்வேன். கதிர் எலும்பையும் நீரையும் காற்றையும் பிரித்துக் காட்டும். அவவுடைய நோவு அதில் விழவில்லை. ஜப்பானிய வைத்தியர்கள் 1990 இல் ஒரு நிலையை விவரித்தார்கள். பெருந்துயரோ பெரும் அதிர்ச்சியோ வந்தவர்களுக்கு, அதுவும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கே கூடுதலாக, இருதயத்தின் நுனி திடீரென வீங்கிப் பலமிழக்கிறதாம். பேய்க்கணவாய் பிடிக்கும் பானையின் வடிவம் என்று பெயர் வைத்தார்கள். பெரும்பாலும் சில கிழமைகளில் தேறிவிடும். அதையும் நெஞ்சுப் படம் பிடித்துத் தராது. ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் பார்க்க வேண்டும்.

2009 க்குப் பிறகு வன்னியிலிருந்து வந்த பெண்களின் படங்களைக் கழுவியபோது என் கை நடுங்கியது. ஒரு படத்தில் ஐந்து, ஆறு துண்டுகள். துண்டோடு வாழ்பவர்களுக்கு ஒரேயொரு விசயம். எக்ஸ்றே எடுப்பதால் துண்டுக்கு எதுவும் ஆகாது. ஒரு நெஞ்சுப் படத்தின் கதிர், இயற்கையாகவே சில நாட்களில் எங்கள்மேல் படுகிற அளவுதான். கர்ப்பமென்று சந்தேகமிருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். ஆனால் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கச் சொன்னால், உள்ளே போகமுன் துண்டு இருப்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அது பெரிய காந்தம். இரும்புத் துண்டு அசையலாம், சூடாகலாம். பழைய படம் கையில் இருந்தால் எந்த இடத்தில் எத்தனை என்று அவர்கள் பார்த்து முடிவெடுப்பார்கள். அதனால்தான் எங்கள் படங்களைக் காணி உறுதியோடு வைத்திருக்கிறேன்.

எனக்கு 2003 இல் கலியாணம் நடந்தது. பெண் பார்க்க வந்தவரிடம் மூன்று படங்களையும் நானே எடுத்துக் கொடுத்தேன். அம்மா குசினிக்குள் நின்று நெற்றியில் அடித்துக்கொண்டா. அவர் முற்றத்து வெயிலில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார். நான் நேராக்கிக் கொடுத்தேன். இரண்டு பிள்ளைகள்.

அண்மையில் இருமல் மாறாமல் இருந்ததால் நெஞ்சுப் படம் எடுக்கப் போனேன். இப்போது இருட்டறையும் இல்லை, மருந்துத் தொட்டியும் இல்லை. படம் உடனேயே கணினித் திரையில் வருகிறது. எடுத்தது ஒரு இளம்பெண். எங்கள் காலத்தில் ஐயாமார்தான். நான் கேட்காமலே கைகளை இடுப்பில் வைத்து முழங்கையை முன்னுக்குத் தள்ளினேன். அவ ஆச்சரியமாகப் பார்த்தா. படம் வந்ததும் திரையைக் கிட்டக் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பினா.

"அன்ரி, சட்டையிலை ஊசி ஏதும் குத்தியிருக்கிறியளோ? கழற்றிப்போட்டுத் திரும்ப எடுப்பம்."

"ஊசியில்லைப் பிள்ளை. விளிம்பை வடிவாப் பார். பக்கவாட்டிலை ஒண்டு எடுத்தால் எங்கை கிடக்குதெண்டு தெரியும்" என்றேன்.

அவ கதிரையைத் தள்ளிவிட்டு, என்னைப் பக்கவாட்டாகத் திரும்பி நிற்கச் சொன்னா.